கோன் செட் இன்னும் வரவில்லை

"மாப்ளே, ஹேண்டில் ஆடுது. என்னன்னு பாரு" என்று சொல்லிக்கொண்டே அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான்.

அவன் என் மனைவியின் அண்ணன். அதற்கு முன்பே என் சிநேகிதன். போடியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவன் தங்கையை நான் கட்டிய பிறகு 'வாடா போடா' என்பது 'மச்சான், மாப்ளே' என்று ஆனது. மற்றபடி எங்களுக்குள் எதுவும் மாறவில்லை. சிலமலையில் அவனுக்கு வீடும் கொஞ்சம் நிலமும் உண்டு. பிழைப்பு என்னவோ மலையில்தான். போடிமெட்டைத் தாண்டிக் கேரளத்துப் பக்கம் இருக்கும் ஓர் ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசர். திங்கட்கிழமை விடிந்ததும் வண்டியை எடுத்தால் சனிக்கிழமை சாயந்தரம்தான் இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போடிக்கு வந்து வீட்டுக்குக் கறி எடுத்துக்கொண்டு, என் கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போவது பல வருஷப் பழக்கம்.

எனக்கு மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை. கிணற்று மோட்டார்கள், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களில் ஓடுகிற பெரிய மின்விசிறிகள், இவைதான் என் சோலி. பைக் மெக்கானிக் இல்லை. ஆனாலும் ஸ்பேனர் பிடித்த கை என்பதால் சொந்தக்காரர்களின் வண்டிகளை நானே பார்ப்பேன். அவனுடைய வண்டியில் என்னைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை.

வண்டி அவனுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கியது. நூறு சிசி. பெட்ரோல் டாங்கில் அவன் முழங்கால் படுகிற இரண்டு இடங்களிலும் பெயின்ட் போய்த் தகரம் தெரியும்.

"எப்ப ஆடுது?"

"எறங்குறப்பதான். மெட்டுல ஆரம்பிச்சு அடிவாரத்துல முந்தல் வர்ற வரைக்கும். ஏர்றப்ப ஒண்ணும் தெரியல."

ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினேன். கீழே குந்தி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு ஃபோர்க் கால்களையும் பற்றி முன்னும் பின்னும் அசைத்தேன். 'டக்' என்றது. அவன் விரலை எடுத்து வண்டியின் கழுத்தில், மூட்டு இருக்கும் இடத்தில் வைத்துவிட்டு மறுபடி அசைத்தேன்.

"தெரியுதா?"

"ஆமா மாப்ளே. உள்ள நகருது."

அந்தக் கழுத்துக்குள் மேலே ஒரு கிண்ணம், கீழே ஒரு கிண்ணம் இருக்கும். இரண்டிலும் பட்டாணியைவிடச் சற்றுச் சின்ன இரும்புக் குண்டுகள் வட்டமாக அடுக்கியிருக்கும். ஹேண்டில் திரும்புவது அந்தக் குண்டுகளின் மேல்தான். மொத்தத்துக்கும் சேர்த்துக் கோன் செட் என்பார்கள். குண்டும் கிண்ணமும் தேயத் தேய உள்ளே இடம் விழும். இடம் விழுந்தால் ஹேண்டில் ஆடும்.

ஆகவே பழுது இருந்தது. பின்னால் நடந்ததையெல்லாம் சொல்வதற்கு முன்னால் இதை அழுத்திச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. வண்டியில் பழுது இல்லாமல் இருந்திருந்தால் நான் வேறு எங்கேயாவது தேடியிருப்பேன்.

மேல் நட்டைத் தளர்த்தி, அதற்குக் கீழே இருக்கும் வட்ட நட்டைக் கொக்கி ஸ்பேனரால் ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு திருப்பினேன். இது கொஞ்சம் பக்குவமான வேலை. குறைத்து இறுக்கினால் ஆட்டம் நிற்காது. கூட இறுக்கினால் ஹேண்டில் பிடித்துக்கொண்டு, வண்டி நேராகப் போகாமல் அலையும். சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போது ஹேண்டிலை நடுவிலிருந்து ஒரு விரலால் தொட்டுவிட்டால், அது தன் பாரத்தில் தானே ஒரு பக்கம் சாய்ந்து போய் நிற்க வேண்டும். அதுதான் கணக்கு. மூன்று தடவை இறுக்கித் தளர்த்தி அந்தப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ஃபோர்க்கை அசைத்தால் சத்தம் இல்லை. விரலால் தொட்டால் ஹேண்டில் இரண்டு பக்கமும் வழுக்கிக்கொண்டு போனது.

"சாரமில்ல, இனி பறக்கலாம்" என்றான். மலையில் இருந்து இருந்து மலையாளம் அவன் பேச்சில் ஒட்டிக்கொண்டிருந்தது; 'பரவாயில்லை' என்பதை அப்படித்தான் சொல்வான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, "இன்னும் ஆடுது மாப்ளே" என்றான்.

வண்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. இருந்தாலும் பழைய வண்டி, கிண்ணத்தில் பள்ளம் விழுந்திருக்கலாம் என்று புதுக் கோன் செட்டே வாங்கி மாட்டினேன். முன் டயரைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன், ரிம்மில் கோணல் இல்லை. ஆக்சில் சரியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தான். அதே சொல். நான் வண்டியை எடுத்துக்கொண்டு முந்தல் போய், மலைப்பாதையில் நாலைந்து வளைவு ஏறி இறங்கினேன். இறக்கத்தில் ஒரு கையை எடுத்துவிட்டு ஓட்டினேன். நூல் பிடித்த மாதிரி வந்தது.

கடைக்குத் திரும்பி வந்து சாவியை அவனிடம் நீட்டினேன். மோட்டார் எடுக்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

"வண்டியில ஒண்ணும் இல்ல."

"இருக்கு மாப்ளே. இடது பக்கமா துடிக்குது. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று வாரமாக என் சோலியைப் போட்டுவிட்டு அந்த வண்டியோடு மல்லுக்கட்டியிருந்தேன். "இத்தன வருசம் ஓட்டிட்டு இப்ப ஓட்ட மறந்து போச்சா மச்சான்?" என்றேன். நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த ஒரு வருஷமாகவே அவன் முகம் எதற்கும் பெரிதாக மாறுவதில்லை. சிரித்தாலும் பாதிச் சிரிப்புதான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, நிதானம் வந்துவிட்டது என்று நான் நினைத்திருந்தேன். சாவியை வாங்கிக்கொண்டு போனான். டீ குடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் ஒரு பட்டறையில் அவன் வண்டியை விட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அது பெரிய அவமானமாகப் பட்டது. மனைவியிடம், "ஒங்க அண்ணனுக்கு என் கை ஆகாமப் போச்சு" என்றேன். "ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைகளா?" என்று அவள் கேட்டாள். அதன் பிறகு இரண்டு மாதத்துக்கு மேல் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கறி எடுத்துக்கொண்டு கடைக்கு எதிர்ச் சாரி வழியாகவே போவான். நான் குனிந்து காயில் சுற்றிக்கொண்டிருப்பேன்.

சாரல் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை சாயந்தரம், தோட்டத்து ஜீப்பு என் கடை முன்னால் வந்து நின்றது. பின்னால் மூட்டைகளோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி அவன் வண்டி இருந்தது. முன் சீட்டிலிருந்து அவன் மெதுவாக இறங்கினான். நெற்றியில் சிராய்ப்பு. வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது.

"மெட்டுக்குக் கீழ ரெண்டாவது வளைவுல. மலைப் பக்கமா விழுந்தேன், அதனால பொழச்சேன்" என்றான்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் இரண்டு மாத வீம்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவனைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். ஆனால் உடனே செய்தது என்னவென்றால், வண்டியை இறக்கி ஸ்டாண்டு போட்டு ஹேண்டிலைத் தொட்டுப் பார்த்ததுதான். தள்ளிய இடத்தில் நின்றது. அந்தப் பட்டறைக்காரர் வட்ட நட்டை உளி வைத்து அடித்து இறுக்கியிருந்தார். நான் மாட்டிய புதுக் கிண்ணத்தில் குண்டுகள் அழுந்திப் பள்ளம் விழுந்திருந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "பாத்தியா? எவன்ட்ட விட்ட? இந்த இறுக்கு இறுக்குனா வண்டி எப்படி வளையும்? விழாம என்ன செய்யும்?" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே அவன் பக்கம் திரும்பினேன்.

அவன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இடது கை தொடையின் மேல் கிடந்தது. அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல், காயை உருட்டிப் பார்க்கிற மாதிரி, ஒரே சீராகத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவன் அதைச் செய்யவில்லை. அது தானாக நடந்தது. நான் பார்ப்பதை அவன் பார்த்தான். துணி சுற்றிய வலது கையை எடுத்து அதன் மேல் வைத்து மூடினான். மூடிய கையும் சேர்ந்து ஆடியது.

"விழுந்த அதிர்ச்சி" என்றான்.

"விழுறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

அவன் வாசல் பக்கம் பார்த்தான். ஜீப்பு டிரைவர் கிளம்பிப் போன பிறகு, "சும்மா இருக்கறப்பதான் மாப்ளே. வேல செஞ்சா நின்னுருது. அதனால பெருசா எடுத்துக்கல" என்றான்.

மலை ஏறும்போது இடது கைக்குக் கிளட்ச் பிடிக்கிற வேலை ஓயாமல் இருக்கும். இறங்கும்போது ஒரே கியரில் விட்டுவிட்டால் அது சும்மா ஹேண்டில் மேல் கிடக்கும். அவன் முதல் நாளே சொன்னான், இறங்கும்போதுதான் ஆடுகிறதென்று. இடது பக்கம் என்றும் சொன்னான். நான் நட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

அன்று வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என் மனைவி அவனுக்கு ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். அவன் குடித்துவிட்டு, "ஏலக்கா போடலையா?" என்றான்.

"நாலு காய் போட்ருக்கேன்ணே. வீடே மணக்குது."

"இந்த வருசக் காயில வாசமே இல்ல ஆத்தா. போன வருசமும் அப்படித்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் டீயை முகர்ந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி, வீடே மணந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் ரயிலில் மதுரைக்குக் கூட்டிப்போனேன். நரம்பு டாக்டர் வயதான அம்மா. விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார். அறைக்குள் நடந்து திரும்பச் சொன்னார். ஒரு தாளைக் கொடுத்து ஊர்ப் பெயரை ஐந்து தடவை எழுதச் சொன்னார். முதல் 'சிலமலை' நன்றாக இருந்தது. ஐந்தாவது எறும்பு மாதிரி சுருங்கியிருந்தது. வாசனை தெரிகிறதா என்று அவரே கேட்டபோது நான் ஏலக்காய் டீயைப் பற்றிச் சொன்னேன். முகம் அசையாமல் இருப்பதையும் அவர் சொன்னார். நிதானம் என்று நான் நினைத்தது நிதானம் இல்லை. நடுக்குவாதம் என்றார். மருந்தால் கட்டுக்குள் வைக்கலாம், குணமாக்க முடியாது, சிலருக்கு மெதுவாகப் போகும் என்றார்.

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

"மலைப்பாதையிலா? வேண்டாம். எங்கேயுமே வேண்டாம்."

திரும்பும் ரயிலில் ஆண்டிபட்டி தாண்டும் வரை அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அப்ப ஒன் வேலையில குத்தமில்ல மாப்ளே. நீ நல்லாத்தான் மாட்டியிருக்க. நான்தான் தோட்டத்துல எல்லார்ட்டயும், எங்க மாப்ளைக்கு முன்ன மாதிரி கை வேலை வரலன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

நான் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான் என்று புரிந்தது. ஓட்ட மறந்து போச்சா என்று நாலு பேர் முன்னால் கேட்டவன் நான். அந்த இடத்தில் நானும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

மாத்திரை வேலை செய்தது. இரண்டு மாதத்தில் கை ஆட்டம் பாதியாகக் குறைந்தது. முகத்தில்கூடக் கொஞ்சம் களை வந்தது. அதுவே ஆபத்தாகப் போனது. அவன் மனைவி ஒரு நாள் சிலமலையிலிருந்து தனியாகக் கடைக்கு வந்தாள்.

"அண்ணே, சரியாயிட்டேன், திங்கக்கெழம மலைக்குப் போறேன்னு நிக்கிறாக. ஜீப்புல போகச் சொன்னா கேக்க மாட்டேங்குறாக. ஒங்கட்ட இருக்கற வண்டிய மட்டும் பூட்டிக் குடுத்துராதீக. ஒங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

வண்டி அப்போது என் கடைக்குள் முன் சக்கரமும் ஃபோர்க்கும் கழற்றிய நிலையில் இருந்தது. புதுக் கோன் செட் வாங்கிவைத்து வாரம் ஒன்றாகியிருந்தது. எல்லாவற்றையும் மாட்டிப் பூட்டுவதற்கு அரை நாள் போதும்.

"பூட்டலம்மா, நீ போ" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பஸ்சில் வந்து இறங்கினான். "என்ன மாப்ளே, இன்னும் மாட்டலையா?"

"கோன் செட்டு வரல மச்சான். பழைய மாடலு. மதுரையில சொல்லி வச்சிருக்கேன்."

அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது அந்தப் பொய். அடுத்த வாரமும் சொன்னேன். அதற்கடுத்த வாரமும். "வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவான். "இன்னும் வரல" என்பேன். உட்கார்ந்து டீ குடிப்பான். ஃபோர்க் இல்லாமல், எஞ்சினுக்கடியில் கட்டை வைத்து நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றிவந்து, சீட்டில் படிந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டு பஸ்சுக்குப் போவான். மலைக்கு ஜீப்பில் போக ஆரம்பித்திருந்தான். தோட்டத்தில் அவனைச் சரிவுகளுக்கு அனுப்பாமல் ஸ்டோரில் உட்கார வைத்திருந்தார்கள். தை போய் மாசி வந்தது. பங்குனி முடியும் வரைக்கும் நான் அந்தப் பொய்யை விடவில்லை. பழகிப்போன பிறகு அது பொய் என்பதே சில வாரங்களில் எனக்கு உறைக்கவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மோட்டாரை ஆட்டோவில் ஏற்றிவிடப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது அவன் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேசை டிராயர் திறந்திருந்தது. மாத்திரை போட ஒரு டம்ளர் தேடித் திறந்திருக்கிறான். அவன் முன்னால் மேசையில் அந்த அட்டை டப்பா இருந்தது.

"டப்பா மேல தூசி ஏறிக் கெடக்கு மாப்ளே" என்றான்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அவ வந்து சொன்னாளா?"

"ஆமா, ஒன் வீட்டுத் தங்கச்சிதான் வந்து சொல்லுச்சு. ஆனா நானும்தான் நெனச்சேன். அது மேல மட்டும் பழியப் போட முடியாது."

தலையை ஆட்டினான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஓட்டாதன்னு எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல? நான் சண்ட போட்ருப்பேன், அவ்வளவுதான? வாராவாரம் பஸ்சுல வந்து, வந்துருச்சா வந்துருச்சான்னு பிச்சக்காரன் மாதிரிக் கேட்டுட்டுப் போனேனே. நீ பாத்துட்டுத்தான இருந்த?"

நான் டப்பாவை எடுத்துத் துண்டால் தூசியைத் துடைத்தேன்.

பிறகு அவனே எழுந்தான். "சரி. பூட்டு. நான் ஓட்டல. வண்டி இப்படி மொண்டியா நிக்கிறதப் பாக்க முடியல. நானும் கூட இருக்கேன். கிரீஸக் கொண்டா."

இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். பழைய கிண்ணங்களை நான் தட்டி எடுத்துப் புதியதை இறக்கினேன். கீழ்க் கிண்ணத்தில் குண்டு அடுக்குகிற வேலையை அவன் எடுத்துக்கொண்டான். கிரீஸைத் தடவி அதில் ஒவ்வொரு குண்டாகப் பதிய வைக்க வேண்டும், பதிந்தால் விழாது. வலது கையால் குண்டை எடுத்து வைத்தான். கிண்ணத்தைப் பிடித்த இடது கை ஆடியதில் இரண்டு குண்டுகள் உருண்டு மேசைக்கடியில் போயின. குனிந்து தேடி எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, மறுபடி வைத்தான். நான் உதவப் போகவில்லை. அவன் அதை விரும்ப மாட்டான் என்று தெரியும். ஐந்து நிமிஷ வேலை முக்கால் மணி நேரம் ஆனது. என் மனைவி மத்தியானச் சோறு கொண்டுவந்தவள், வாசலில் நின்று பார்த்துவிட்டு, தூக்குச் சட்டியை ஸ்டூலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஃபோர்க்கை ஏற்றி, மேல் குண்டுகளை வைத்து, வட்ட நட்டை நான் கையால் முடுக்கினேன். ஸ்பேனரை அவன் வாங்கிக்கொண்டான். கொஞ்சம் இறுக்கினான், தளர்த்தினான், மறுபடி இறுக்கினான். மேல் நட்டை இறுக்கும்போது கீழ் நட்டும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதை நான் சொல்லாமலே செய்தான். ஹேண்டிலை விரலால் தொட்டான். அது இடது பக்கம் சாய்ந்து நின்றது. வலது பக்கம் தொட்டான். அங்கும் போய் நின்றது.

"சரியா இருக்கு" என்றான். "நாளைக்கு நீ ஓட்டு. நான் பின்னால உக்காந்துக்கிறேன். தோட்டத்துல சொல்லிட்டு, என் சாமான எடுத்துட்டு வந்துருவோம்."

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். முந்தல் செக்போஸ்டில் நின்ற காவலர் அவனைப் பார்த்துக் கை காட்டினார். "என்ன சூப்பர்வைசர், பின்னாடி உக்காந்துட்டீக?"

"மாப்ள இப்பத்தான் மலையில ஓட்டிப் பழகுறாரு" என்றான். அவர் சிரித்தார். அவனும் சிரித்த மாதிரிதான் குரல் இருந்தது.

மலை ஏறும் நேரம் முழுக்க அவன் இடது கை என் தோளில் இருந்தது. அதன் நடுக்கம் சட்டைக்கு மேல் தெரிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவு வரும் முன்னாலும், "ரெண்டாவது போடு", "இங்க ஹாரன் அடி", "மணல் கெடக்கும், உள்பக்கம் போகாத" என்று சொல்லிக்கொண்டு வந்தான். அவன் விழுந்த வளைவில் மட்டும் எதுவும் சொல்லவில்லை. மெட்டில் பனி இறங்கியிருந்தது. டீக்கடையில் நிற்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், வெரசாப் போய்ருவோம் என்றான்.

தோட்டத்தில் ஸ்டோர்ச் சாவியை மேனேஜரிடம் கொடுத்தான். அவர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். காயெடுக்கப் போகாமல், கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் காத்திருந்த பெண்களில் வயதான ஒருத்தி, "எங்கள விட்டுட்டுப் போறீகளே அப்பு" என்று சத்தம் போட்டு அழுதாள். அவன் அவள் தலையில் கை வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டான், ஆட்டம் தெரிந்துவிடும் என்று. வெளியே வரும்போது தட்டில் காய்ந்துகொண்டிருந்த காயில் ஒரு கைப்பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனான். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு ஒரு காய்கூடச் சிந்தாமல் தட்டிலேயே போட்டான்.

ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி, ஒரு ஸ்டவ். அவற்றைத் தோட்டத்து ஜீப்பில் ஏற்றிவிட்டு நாங்கள் வண்டியில் இறங்கினோம்.

ஆடி மாதம் தேவாரத்துக்காரர் ஒருவருக்கு வண்டியை விற்றான். விற்கும்போது என்னைக் கூப்பிடவில்லை. வாங்க வந்தவரைக் குந்த வைத்து, ஃபோர்க்கைப் பிடித்து எப்படி ஆட்டிப் பார்ப்பது, எப்போது இறுக்குவது என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தானாம். அவன் மனைவி சொன்னாள்.

அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது அவன் போடிக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சிலமலைக்குப் போகிறேன். அவன் குரல் மெலிந்துவிட்டது, பக்கத்தில் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். அந்தப் பொய்யைப் பற்றி நாங்கள் மறுபடி பேசவில்லை. ஒரு தடவை நான் ஆரம்பித்தேன். "விடு மாப்ளே, சாரமில்ல" என்றான். மன்னித்துவிட்டான் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த நாலைந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள், அவனால் தனியாகப் பஸ்சு ஏறி வர முடிந்த கடைசி ஞாயிற்றுக்கிழமைகள். அதை அப்போது நான் அறியவில்லை. அவற்றை அவனிடம் பொய் சொல்லிக் கழித்தேன் என்பது மாறப்போவதில்லை.

போன வாரம் போனபோது அவன் உள்ளறையில் நின்றுகொண்டிருந்தான். வாசல்படி அருகே வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. தள்ளினால் விழுந்துவிடுவான். தரையில் கோடு இருந்தால் அதைத் தாண்டுவதற்குக் கால் எழும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் மனைவி கட்டிலடியிலிருந்து முற்றம் வரைக்கும் ஓர் அடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பில் வெள்ளைக் கோடு இழுத்துவைத்திருந்தாள். நான் முற்றத்தில் இருந்த நாற்காலிகளில் ஒன்றை இழுத்துப் போட்டுவிட்டு நின்றேன். அவன் கீழே பார்த்துக்கொண்டு முதல் கோட்டைத் தாண்டினான்.

"வர்றேன் மாப்ளே. நில்லு" என்றான்.

"மெதுவா வா மச்சான். எனக்கு ஒரு சோலியும் இல்ல" என்றேன்.